மழைக்கு முன்னால் காயிலைச் சூட்டோடு சோதியுங்கள்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். பைப்பைத் திறப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து இக்னிஷன் காயிலைச் சோதித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் நடுரோட்டில் நின்றுபோகும் பழைய பெட்ரோல் வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பக்கம் இருக்காது, கரண்ட் பக்கம்தான் இருக்கும்.

காயில் கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் காய்ந்த ரோட்டில், பகல் வெளிச்சத்தில் சமாளித்துவிடும். மழை இரவில் நிலைமை வேறு. ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது, வண்டி டிராஃபிக்கில் ஊர்கிறது. டைனமோ பொருத்திய வண்டி ஐடிலிங்கில் சார்ஜ் ஆகாது என்பதால் பேட்டரி வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். அதே நேரத்தில் காயில் கழுத்திலும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலும் படிந்த ஈரம், பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டை பாடிக்கு இழுத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் மிஸ்ஸிங் தொடங்கும், பிறகு வண்டி நிற்கும்.

காயிலுக்குள் இருப்பவை இரண்டு சுற்றுகள்தான். சில நூறு சுற்று தடித்த கம்பி ஒன்று, பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி இன்னொன்று. பாயிண்ட் திறக்கும் நொடியில் முதல் சுற்றின் கரண்ட் அறுந்து, இரண்டாவதில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. கெட்டரிங் வடிவமைத்து 1912 கெடிலாக்கில் வந்த இந்த பேட்டரி இக்னிஷன் ஏற்பாடே நம் பழைய வண்டிகள் வரை அடிப்படை மாறாமல் வந்தது.

சோதனையைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, காயிலின் சின்ன ஒயர்கள் இரண்டையும் நடுவிலுள்ள ஹெச்.டி. ஒயரையும் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும். சின்ன டெர்மினல்கள் இரண்டுக்கும் நடுவே, பேலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயிலில் ஏறக்குறைய 3 ஓம் வர வேண்டும். பிறகு மீட்டரைப் பெரிய ரேஞ்சுக்கு மாற்றுங்கள். ஒரு சின்ன டெர்மினலுக்கும் நடுக் கழுத்துக்கும் இடையே பொதுவாக 5,000 முதல் 10,000 ஓம் வரை காட்டும். டெர்மினலுக்கும் வெளித் தகரத்துக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தக் காயில் இனி உதவாது. மூடி மடிப்பில் எண்ணெய் கசிந்திருந்தால் மீட்டர் வைத்துப் பார்க்கவே தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். குளிர்ந்த காயிலின் அளவை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே அறுந்த கம்பி குளிர்ச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரியும். வண்டி அரை மணி நேரம் ஓடி நிற்பதும், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆவதும் இதனால்தான். பாவம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு நீண்ட சுற்று ஓட்டிவந்து, சூடு ஆறுவதற்குள் அதே அளவுகளை மறுபடி எடுங்கள். செம்பு சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறுவது இயல்பு. காலையில் 3 ஓம் காட்டியது, 60 டிகிரி கூடியபின் 3.7 வரை வரலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். எண் நிலையாக நிற்காமல் தாவினாலோ மீட்டர் ஒன்றுமே காட்டாமல் போனாலோ காயில் போய்விட்டது.

மீட்டரின் சின்ன பேட்டரியால் உள் இன்சுலேஷனின் பலத்தைச் சொல்ல முடியாது. அதற்கு ஸ்பார்க்கைத்தான் பார்க்க வேண்டும். கழற்றிய ஒயர்களையெல்லாம் மாட்டிவிட்டு, ஸ்பார்க் டெஸ்டரின் ஒரு பக்கத்தைக் காயிலிலிருந்து வரும் ஹெச்.டி. ஒயரோடும் மறுபக்கத்தை எஞ்சின் எர்த்தோடும் சேர்த்து, 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சத்தத்தோடு தாவினால் நல்லது. பெட்ரோல் கசிவு, ஆவி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஒயரைக் கையில் பிடிக்காதீர்கள். எர்த் கிடைக்காமல் அந்தரத்தில் தொங்கவும் விடாதீர்கள். வெளியேற வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள்ளேயே ஓட்டை போடும்.

ஸ்பார்க் மஞ்சளாக மெலிந்திருந்தால் உடனே காயிலைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள், விலை குறைவு. பாயிண்ட் கருகியிருந்தால் சந்தேகம் கண்டன்சர் மேல்தான். பாயிண்ட் மூடியிருக்க, சுவிட்ச் ஆனில், காயிலுக்கு வரும் வோல்டேஜையும் பாருங்கள். பேட்டரியில் 12 இருந்து இங்கே 10தான் வந்தால் தேய்ந்த சுவிட்சோ துருப்பிடித்த இணைப்போ நடுவில் திருடுகிறது. அளந்ததும் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். எஞ்சின் ஓடாமல் பாயிண்ட் மூடிக் கிடந்தால் 4 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்து காயில் கொதிக்கும்.

புதிது வாங்க நேர்ந்தால் கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் கரண்ட் இரு மடங்காகி பாயிண்டைத் தின்றுவிடும். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும் என்பதால் இந்தத் தவறு வருடக்கணக்கில் தெரியாது. ஆனால் பிளக்கில் தாவக் கூடுதல் வோல்டேஜ் வேண்டியிருக்கும், மழையில் அது கிடைக்காது.

இனி பூஜைக் கழுவல். எஞ்சின் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள், ஈரத்துணியே போதும். காயில் கழுத்தை உலர்ந்த துணியால் துடைத்து, முடியிழை போலக் கருப்புக் கோடு ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கரண்ட் கசிந்த தடம் அது, துடைத்துப் போகாது. ரப்பர் பூட் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழை வருகிறதே என்று பாலிதீன் உறை கட்டுவதை விட்டுவிடுங்கள், சூடும் ஈரமும் உள்ளேயே அடைபடும். இருட்டியபின் விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, தொடாமல் பாருங்கள். ஒயர்களின் மேல் நீலப் பொறி ஊர்ந்தால் காயிலோடு அவற்றையும் மாற்றும் பட்டியலில் சேருங்கள்.

ஸ்பேர் காயிலும் கண்டன்சரும் டிக்கியில் இருக்கட்டும். பல வருடங்களாகப் பெட்டியிலேயே கிடக்கும் ஸ்பேரை ஒரு நாள் வண்டியில் மாட்டி, சூடேற ஓட்டி, அளந்த பிறகே உள்ளே வையுங்கள்.