உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையும் இந்திய அறிவியல் கழகமும்

பல்கலைக்கழகங்களை உலக அளவில் வரிசைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானதன்று. 2003-ஆம் ஆண்டில் சீனத்தின் ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகம் முதற்பட்டியலை வெளியிட்டது. அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து குவாக்கரெல்லி சைமண்ட்ஸ் (கியூ.எஸ்.) பட்டியல், டைம்ஸ் உயர்கல்வி இதழுடன் இணைந்து வந்தது, பின்னர் இரண்டும் தனித்தனியே பிரிந்தன.

ஷாங்காய் பட்டியலில் நோபல் பரிசு போன்ற உயர் விருதுகளுக்கு மட்டும் 30 விழுக்காடு எடை உண்டு: பழைய மாணவர்கள் பெற்றதற்குப் பத்து, ஆசிரியர்கள் பெற்றதற்கு இருபது. பரிசு பெற்றபோது ஆசிரியர் எங்குப் பணியாற்றினாரோ அந்நிறுவனத்துக்கே அது கணக்கிடப்படும். சர் சி.வி. இராமன் 1930-இல் பரிசு பெற்றபோது கல்கத்தாவில் இருந்தார். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானது 1933-இல்தான். எனவே அப்பரிசு இக்கழகத்தின் கணக்கில் சேராது.

1909-இல் நிறுவப்பட்ட இக்கழகத்தை விவேக் நகரில் வண்டி ஏறுபவர் இன்றும் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்வதுண்டு. ஜம்ஷெட்ஜி டாடாவின் கனவும் மைசூர் அரசு வழங்கிய நிலமும் சேர்ந்து உருவான நிறுவனம் அது. 2021 ஜூனில் வெளியான கியூ.எஸ். பட்டியலில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஆய்வு மேற்கோள்கள் என்னும் அளவையில் நூற்றுக்கு நூறு பெற்று அது உலகில் முதலிடம் வகித்தது. ஆயினும் ஒட்டுமொத்தத் தரம் 186 மட்டுமே. காரணம் எளிது. மேற்கோளுக்கு எடை 20 விழுக்காடு. கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறும் நற்பெயருக்கு 40. அயல்நாட்டு ஆசிரியர், மாணவர் விகிதங்களுக்கும் தனித்தனியே ஐந்து உண்டு. மேலும், மொத்த மேற்கோள்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுப்பதால், ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட கழகத்துக்கு அந்த ஓர் அளவை சாதகமாக அமைகிறது என்பதையும் மறைக்கலாகாது. இளநிலைப் பட்டப்படிப்பு அங்குத் தொடங்கியதே 2011-இல்தான்.

2023 ஜூனில் வெளியான பட்டியலில் எடைகள் மாற்றப்பட்டன. கல்வியாளர் நற்பெயர் 30-ஆகவும், ஆசிரியர்-மாணவர் விகிதம் 20-இலிருந்து 10-ஆகவும் குறைந்தன. வேலை அளிப்போரின் மதிப்பீடு 10-இலிருந்து 15-ஆக உயர்ந்தது. ஆய்வுத் தொடர்புகள், வேலைவாய்ப்பு, நிலைத்த வளர்ச்சி என மூன்று புதிய அளவைகள் சேர்ந்தன. அவ்வாண்டு அறிவியல் கழகம் 155-ஆம் இடத்திலிருந்து 225-க்கு இறங்கியது, மும்பை ஐ.ஐ.டி. 172-இலிருந்து 149-க்கு ஏறியது. ஓராண்டில் ஆய்வுக்கூடங்கள் எழுபது இடங்கள் அளவுக்குத் தேய்ந்துவிடுவதில்லை. அளவுகோலே மாறியபின், இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு வளர்ச்சி, தளர்ச்சி என்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

இந்த ஐயப்பாடு புதியதன்று. கணக்கிடும் முறை வெளிப்படையாக இல்லை எனக் கூறி, சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.க்கள் 2020-இல் டைம்ஸ் பட்டியலிலிருந்து விலகி நின்றன. உள்நாட்டில் தேசிய நிறுவனத் தரவரிசை 2016 முதல் வெளியிடப்படுகிறது.

எனினும் வெளிநாட்டுப் பட்டியல்கள் நம் விதிகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருப்பது அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் இந்தியாவில் வளாகம் அமைப்பதற்கான தகுதிகளுள் ஒன்று. பட்டியல் சாதியினர் முதலியோருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையிலும் கியூ.எஸ். பட்டியலின் முதல் 500 என்ற வரம்பு இடம்பெற்றது. அவ்வரம்பின் ஓரத்தில் நிற்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவருக்கு, லண்டனில் செய்யப்படும் ஓர் எடை மாற்றமே உதவித்தொகை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்துவிடக்கூடும்.