டிராக்டரிலும் லாரியிலும் காற்றழுத்தி அமைத்தல்

உழவு வேலையிலும் சாலைப் போக்குவரத்திலும் டிராக்டரின் டயருக்கு வேண்டிய காற்று ஒரே அளவினதன்று. உழும்போது பின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவே பெரும்பாலும் போதுமானது. அப்போது டயர் சற்றுப் படிந்து, வண்டியின் பாரம் அகன்ற பரப்பில் பகிர்ந்து விழுகிறது. மண் இறுகுவதும் சக்கரம் வழுக்குவதும் குறைகின்றன. அதே காற்றுடன் பாரமேற்றிய டிரெயிலரை இழுத்துக்கொண்டு தார்ச் சாலையில் விரைவாய்ச் சென்றால், டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகையால் சாலைக்கு 20 பவுண்டு அளவுக்கு ஏற்ற நேரிடுகிறது. அந்தந்த டயருக்கும் பாரத்துக்கும் உரிய சரியான அளவை, டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை அறியாத குடியானவர் சிலரே. ஆயினும் காற்றடிக்கும் கடை ஊருக்கு வெளியே நெடுந்தூரத்தில் இருப்பதால், சாலைக்கு ஏற்றிய காற்றுடனேயே பருவம் முழுவதும் உழுதுவிடுகிறார்கள். கரிசலிலும் தோட்டக்கால் நிலங்களிலும் இதனால் உண்டாகும் அடிமண் இறுக்கம், பயிரின் வேர் கீழிறங்காமல் தடுக்கிறது. வண்டியிலேயே காற்றழுத்தியை அமைத்துக்கொள்வதன் முக்கியப் பயன் இக்குறையை நீக்குவதே. சேற்றுழவுக்குக் கேஜ் வீல் பூட்டுவோருக்கு இது அவ்வளவாய்ப் பயன்படாது.

இவ்வேற்பாடு புதிதன்று. காற்றடைத்த டயருக்கு டன்லப் என்பவர் 1888-ல் உரிமை பெற்றார். அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் 1932-ல் அத்தகைய டயர்களைத் தங்கள் டிராக்டருக்குப் பூட்டினார்கள். 1942-ல் அந்நாட்டு இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட, நீரிலும் நிலத்திலும் செல்லும் லாரிகளில், ஓட்டுபவர் தம் ஆசனத்திலிருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி அமைந்திருந்தது. மணலில் ஏறும்போது காற்றைக் குறைப்பதும், கெட்டித் தரைக்கு வந்ததும் ஏற்றுவதும் அதன் நோக்கம்.

எவ்வளவு பெரிய காற்றழுத்தி வேண்டுமென்பதை எளிய கணக்கினால் அறியலாம். ஒரு பின் டயரின் உட்கொள்ளளவு 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 12 பவுண்டிலிருந்து 20 பவுண்டுக்கு உயர்த்த, வெளிக்காற்றில் சுமார் 163 லிட்டர் தேவை. இரண்டு டயருக்கும் 326 லிட்டர். நிமிஷத்துக்கு 60 லிட்டர் உண்மையாகத் தரும் சிறு காற்றழுத்தி இதை ஐந்தரை நிமிஷத்தில் முடித்துவிடும். 20 லிட்டர் தொட்டியில் 120 பவுண்டு அழுத்தத்தில் சேமித்திருந்தால், அது 20 பவுண்டுக்கு இறங்குவதற்குள் 136 லிட்டர் கிடைக்கும். ஏறக்குறைய ஒரு டயருக்குச் சரியாய்ப் போகும். ஆகவே பெருந்தொட்டி வாங்கிப் பணத்தை முடக்குதல் அவசியமன்று.

அபாயம் முழுவதும் தொட்டியிலேயே அடங்கியிருக்கிறது. பத்து அங்குல விட்டமுள்ள தொட்டியின் ஒரு பக்க மூடியின் மீது, 120 பவுண்டு அழுத்தத்தில், நான்கு டன்னுக்கு மேற்பட்ட விசை தாக்கி நிற்கிறது. பழைய சமையல் வாயுச் சிலிண்டரை அறுத்துப் பற்றவைத்துத் தொட்டியாக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதைக் கட்டாயமாய்த் தவிர்க்க வேண்டும். உள்ளே தங்கிய வாயு தீப்பற்றக்கூடும். பற்றவைத்த இடமும் பலமிழக்கும். அன்றியும் அச்சிலிண்டர் எண்ணெய்க் கம்பெனியின் உடைமை. அழுத்த அளவு பொறிக்கப்பட்ட தொட்டியையே வாங்கி, பட்டை கொண்டு இறுக்க வேண்டுமேயன்றி, அதன் உடலில் எதையும் பற்றவைத்தலாகாது. தொட்டியைச் சோதிப்பதாயின் நீர் நிரப்பியே சோதிக்க வேண்டும். நீர் அழுத்தத்தால் சுருங்காததால், தொட்டி கிழிந்தாலும் நீர் கசிவதோடு நின்றுவிடும். காற்றோ வெடித்துச் சிதறும்.

தொட்டியில் மூன்று உறுப்புகள் இருந்தாக வேண்டும்: 120 பவுண்டில் மோட்டாரை நிறுத்தி 90-ல் மீண்டும் ஓட்டும் அழுத்த ஸ்விட்ச், தொட்டியில் பொறித்த அளவை மீறாமல் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு, அடியில் நீர் வடியும் குழாய். கடைசியாகச் சொன்னதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நமது சீமையின் ஈரக்காற்றை, 30 டிகிரி வெப்பத்தில், எட்டில் ஒரு பங்காய் அழுத்தினால், கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உள்ளே துரு அரிப்பது வெளியே தெரியாது. வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அதைத் திறந்துவிடுதல் வேண்டும்.

அழுத்திய காற்று மிகச் சூடாய் வெளிவருமாதலால், காற்றழுத்தியிலிருந்து தொட்டி வரையில் செம்புக் குழாயோ, கம்பி பின்னிய குழாயோ அமைத்து, இடையில் திரும்பாத வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். பாசனத்துக்கு வாங்கிய பி.வி.சி. குழாய் மிஞ்சியிருக்கிறதென்று அதைப் பூட்டிவிடலாகாது. நீரைத் தாங்கும் அக்குழாய், காற்றடைத்த நிலையில் உடைந்தால் கண்ணாடிச் சில்லுகளைப்போல் பறக்கும்.

12 வோல்ட் காற்றழுத்தி 30 ஆம்பியர் வரையில் இழுக்குமாயின், 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி வேண்டும். பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் பியூஸ் இருத்தல் அவசியம். ஸ்விட்ச் வழியாக முழு மின்சாரத்தையும் விடாமல் ரிலே மூலம் செலுத்துக. என்ஜின் ஓடும்போதே காற்றடிக்க வேண்டும்; இல்லையேல் பாட்டரி அயர்ந்துவிடும். பெரிய லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதை மறவாமல் மோட்டாரை வாங்குக. காற்று உறிஞ்சும் வடிகட்டியைத் தூசியும் உமியும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

லாரி வைத்திருப்போர், அதில் பிரேக்குக்கென என்ஜினே ஓட்டும் காற்றழுத்தி இருக்கையில் வேறொன்று எதற்கு என்று கேட்பர். அக்காற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் பிரேக் தொட்டியிலேயே துளையிட்டுக் குழாய் பூட்டுவது உயிர்ச்சேதத்துக்கு வழி. அக்குழாய் வழியில் வெடித்தால் பிரேக் செயலற்றுப் போகலாம், அல்லது பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி நடுச்சாலையில் நின்றுவிடலாம். துணை உபயோகத்துக்கென விடப்பட்ட வழியிலிருந்தே காற்றை எடுத்து, பிரேக்குக்குரிய அளவுக்குக் கீழே இறங்காமல் தடுக்கும் காப்பு வால்வுக்குப் பின்னரே தனித்தொட்டியைச் சேர்க்க வேண்டும். இவ்வேலையைப் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்விக்க வேண்டும். கிராம அதிகாரிகள் தம் எல்லையிலுள்ள பட்டறைக்காரருக்கு இதை எடுத்துரைப்பது நலம்.

ரேடியேட்டரில் அடைந்த பதரை ஊதி நீக்கவும் இக்காற்று உதவும். ஆடையிலுள்ள தூசியைப் போக்க உடம்பின் மீது பாய்ச்சுவதையும், சிறுவர் விளையாட்டாக ஒருவர்மேல் ஒருவர் ஊதுவதையும் அறவே தடுக்க வேண்டும். அழுத்திய காற்று தோலினுள் புகுந்து உயிரைப் போக்கவும் வல்லது.

வேலை முடிந்தபின், 120 பவுண்டு ஏற்றி, இணைப்புகள் தோறும் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காலையில் அழுத்தமானியைப் பார்க்கவும். மாலையில் 33 டிகிரியாயிருந்த வெப்பம் விடியலில் 24 டிகிரியாய் இறங்கினால், கசிவு ஏதுமின்றியே முள் 116 வரையில் குறைந்து காட்டும். அதற்குங் கீழே சென்றிருந்தால் கசியும் இடத்தைத் தேட வேண்டும். அப்போதும் காற்றை முற்றிலும் வெளியேற்றிய பிறகே ஸ்பானரைத் தொடுக.