தடுமாறும் எஞ்சின்

நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சினில் ஒன்று எரியத் தவறினும் கார் குலுங்கும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிற் சென்று, புகையைத் தூய்மை செய்யும் கருவியைச் சுட்டழிக்கும். ஆதலின் காலந்தாழ்த்தல் தகாது.

ஸ்கேனரை இணைத்தவழி ‘பி0302’ எனக் குறி தோன்றின், எரியாதது இரண்டாம் சிலிண்டர். பழுது தீப்பொறி தரும் பிளக்கிலோ, அதற்கு மின்சாரம் ஊட்டும் காயிலிலோ? பலர் இரண்டையும் புதிதாக வாங்கிப் பொருளிழப்பர். சிலிண்டர்தோறும் தனிக் காயில் உளதாயின், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாவதன் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்துக. பழைய குறியை அழித்து ஓட்டுங்கால் ‘பி0303’ எனத் தோன்றின், காயிலே குற்றமுடையது. காசு செலவின்றி உண்மை காணும் இம்முறை அழகியதன்றோ!

குறி மாறாதாயின் பிளக்கைக் கழற்றி நோக்குக. முனை வெளிர்பழுப்பாயின் நலம். கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி என ஐயுறலாம். எண்ணெயில் நனைந்திருப்பின் நோய் பெரும்பாலும் எஞ்சினுள்ளே. அதனைப் பணிமனையார்தாம் தீர்த்தல் கூடும்.