மலைக்குப் போய் வந்த படங்களும் நாலு வரிக் குறிப்பும்

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஒரு மாதம் போனதும் "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். ஊர் சுற்றுவது, படம் எடுப்பது, செடி வளர்ப்பது, மரத்தில் சிற்பம் செதுக்குவது என்று ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உங்களுக்கு இருந்தால், அதற்கு ஒரு நாட்குறிப்பு வைக்கக் கம்ப்யூட்டரைப் போல வசதியான பொருள் கிடையாது. ஆனால் அதே கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பை ஒரே கிளிக்கில் பாழாக்கியும் விடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம்.

உதாரணத்துக்குக் கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணை; அதைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. மேகம் அருவி, பெரியார் அருவி, கடுக்காய் மரம், தேன், சாமை வயல் என்று ஒரே நாளில் 150 படம் எடுத்துவிடலாம். மாலையில் வீட்டுக்கு வந்து கேமராவையோ செல்போனையோ கம்ப்யூட்டருடன் இணைக்கிறீர்கள். இனி என்ன செய்வது?

முதலில் போல்டர்

கேமராவை இணைத்ததும் 'டிசிஐஎம்' என்று ஒரு போல்டர் தெரியும். 'டிஜிட்டல் கேமரா இமேஜஸ்' என்பதன் சுருக்கம்தான் அது. எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் பெரும்பாலும் இந்தப் பெயர்தான். உள்ளே படங்கள் 'ஐஎம்ஜி_0412', 'டிஎஸ்சி_0087' என்ற மாதிரி பெயர்களில் கிடக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள், கட் செய்யாதீர்கள். கட் செய்து பேஸ்ட் செய்யும்போது நடுவில் கேபிள் கழன்றாலோ கரண்ட் போனாலோ குழப்பம்தான். காப்பி செய்து, கம்ப்யூட்டரில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு கேமராவில் அழிக்கலாம்.

போல்டருக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. '03-11-2024' என்று நாளை முதலில் எழுதினால், விண்டோஸ் பெயர் வாரியாக அடுக்கும்போது எல்லா மாதங்களின் 3-ஆம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். '2024-11-03 மேகம் அருவி' என்று ஆண்டை முன்னால் போடுங்கள். தானாகவே கால வரிசையில் வந்து நிற்கும். தேதிக்கு நடுவில் சாய்வுக்கோடு போடப் பார்த்தால் விண்டோஸ் ஏற்காது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றுக்கும் பைல் பெயரில் இடம் கிடையாது. தமிழில் பெயர் வைக்கத் தடை இல்லை.

இடப் பெயராக மாவட்டத்தைப் போடாமல் ஊரைப் போடுங்கள். என் பழைய போல்டர் ஒன்றுக்கு 'விழுப்புரம் மாவட்டம்' என்று பெயர். உள்ளே இருப்பதெல்லாம் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாகிவிட்டது. இப்போது அந்தப் போல்டரைப் பார்க்கிற என் வீட்டுப் பிள்ளைகள் செஞ்சிக் கோட்டையைத் தேடுகிறார்கள். மலையின் இன்னொரு பக்கத்தில் உள்ள கருமந்துறை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறலாம், ஊர் அங்கேயேதான் இருக்கும்.

படங்களுக்கும் மொத்தமாகப் பெயர் மாற்றலாம். தேதி வாரியாக வரிசைப்படுத்தி, கன்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். எஃப்2 விசையைத் தட்டி 'மேகம்' என்று டைப் செய்து என்டர் தட்டினால் 'மேகம் (1)', 'மேகம் (2)' என்று வரிசையாக மாறிவிடும். தவறு நேர்ந்தால் உடனே கன்ட்ரோல் + இசட்.

கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மலை ஏறும் முன்பே பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளும் நேரமும் பதிவாகின்றன. பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்திருந்தால் கடிகாரம் பழைய ஏதோ ஒரு ஆண்டுக்குப் போயிருக்கும். அப்புறம் தீபாவளிக்குப் பிறகு போன பயணம் பொங்கலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, கூட வந்த நண்பர் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் படமாகவே வாங்காதீர்கள். அளவு சுருங்கி வரும். உள்ளே இருந்த தேதி, நேரத் தகவலும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பென் டிரைவில் நேரே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

நாலு வரி எழுதுங்கள்

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்காதீர்கள். அருவியின் படத்தில் அருவி தெரியும். அன்று வழியில் சாப்பிட்டது என்ன, கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் தெரியாது. அன்றைய போல்டருக்குள்ளேயே நோட்பேடில் ஒரு பைல் வையுங்கள். நோட்பேடில் எஃப்5 தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். அதற்குக் கீழே நாலு வரி. எந்தப் படத்தில் யார், என்ன செடி, எந்த ஊர். அவ்வளவு போதும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் உள்ள 'டீடெய்ல்ஸ்' டேபிலும் குறிப்பு எழுதலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. படத்தை ஒருவருக்கு அனுப்பும்போது எழுதியது கூடவே போகுமா, போகாதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லாங்குவேஜ்' என்று போய், தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கிடைக்கும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு மாறும். புதிதாகக் கற்பவர் என்றால் தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு ஓடும்.

இப்போது என் கதை. 2004, 2005-இல் மலைக்குப் போன குறிப்புகளை அன்று கிடைத்த ஒரு தமிழ் எழுத்துருவில் டைப் செய்து வைத்திருந்தேன். அந்தக் கால எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்தவை. திரையில் தெரிவது தமிழ். பைலுக்குள் இருப்பது ஆங்கில எண். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியது. ஆனாலும் ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலை நெடுநாள் நீடித்தது. கம்ப்யூட்டரை மாற்றிய பிறகு என் பைலைத் திறந்தால் ஒரே கிறுக்கல். பயந்துபோனேன். ஆனால் அதை மீட்க முடிந்தது. எண்கள் எல்லாம் பைலுக்குள் பத்திரமாகவே இருந்தன. அவற்றைப் படிக்கும் எழுத்துருதான் இல்லை. பொங்கு தமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் வந்திருந்தன. கிறுக்கலைக் காப்பி செய்து போட்டு, பழைய குறியீடு எதுவென்று சொன்னால், யூனிகோடு தமிழாகக் கொடுத்துவிடும். உங்கள் வீட்டில் இப்படிப் பழைய பைல்கள் இருந்தால், பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன்பு அந்த எழுத்துருவின் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

மீட்க முடியாமல் போனது 2006-இல் எழுதியது. அதற்குள் யூனிகோடுக்கு மாறிவிட்டேன். வெள்ளிமலைப் பக்கம் ஒரு பாட்டி ஐந்து சாமைக் கதிர்களைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும், எது சீக்கிரம் விளையும், எது சோற்றுக்கு நன்றாக இருக்கும் என்பதையும் சொன்னார். படம் எடுத்தேன். இரவு வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதி நோட்பேடில் சேவ் செய்தேன். ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். மறுநாள் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்.

காரணம் இதுதான். அன்றைய நோட்பேட் 'ஆன்சி' என்ற குறியீட்டில்தான் வழக்கமாகச் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக 63 என்ற எண்ணை, அதாவது கேள்விக்குறியை எழுதிவிடும். 'அ'வுக்கும் 63, 'சா'வின் சகரத்துக்கும் 63. எல்லாம் ஒரே எண்ணாகிவிட்ட பிறகு எந்த மாற்றியாலும் பிரித்தெடுக்க முடியாது. கிறுக்கலாகத் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் கிடையாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள்.

2019-இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பிறகு நோட்பேட் வழக்கமாகவே 'யூடிஎஃப்-8'-இல் சேமிக்கிறது. அதில் தமிழ் பத்திரமாக இருக்கும். ஆனாலும் பழைய கம்ப்யூட்டரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் பாருங்கள்: 'சேவ் ஆஸ்' கொடுத்தால் டயலாக் பாக்ஸின் கீழே 'என்கோடிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'யூடிஎஃப்-8' இருக்கட்டும். எச்சரிக்கை ஏதாவது வந்தால் தயவுசெய்து படியுங்கள்.

இன்னொரு பிரதி

12 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 150 படத்துக்கு 600 எம்பி. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏறக்குறைய நூறு பயணங்கள் அடங்கும். மாதம் ஒருமுறை போனாலும் எட்டு ஆண்டுக்கு வரும். பென் டிரைவ் அத்தனை ஆண்டு உழைக்குமா என்பது வேறு விஷயம். அதனால் அதை இரண்டாவது பிரதியாக மட்டும் வையுங்கள், ஒரே பிரதியாக வேண்டாம். முன்பெல்லாம் 700 எம்பி சிடியில் எழுதி வைத்தோம். இன்று பல லேப்டாப்களில் சிடி போடும் இடமே இல்லை. காப்பி செய்ததும் பென் டிரைவைப் பிடுங்காமல் 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, பீரோவில் வையுங்கள்.

சிற்பம் செதுக்குகிறவர்களுக்கும் இதே முறைதான். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் வீட்டில் சின்னதாக ஒரு பிள்ளையார் செதுக்கிப் பழகினாலும், தினமும் மாலை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அன்று எந்த உளியைப் பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தும்பிக்கையில் எந்த நாள் தப்பு நேர்ந்தது என்று பிறகு தெரியும். தொழில்முறைக் கைவினைஞரின் பட்டறையில் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அந்த ஐந்து கதிர்களின் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் மலை ஏறினேன். பாட்டி இல்லை. அக்கம்பக்கத்தில் காட்டிக் கேட்டதில் இரண்டு கதிருக்குப் பெயர் கிடைத்தது. அதை அங்கேயே செல்போனில் டைப் செய்துகொண்டேன். ஒவ்வொரு கதிரையும் தனியாக வெட்டி ஐந்து பைல்களாக வைத்திருக்கிறேன். அதில் மூன்றுக்கு இன்றைக்கும் 'பெயர் தெரியாத சாமை (1)', (2), (3) என்றுதான் பெயர்.