மகனின் நண்பன் வீட்டைவிட்டு வந்திருக்கிறான், தங்கவைக்கலாமா?

கேள்வி: பதினாறு வயதுப் பையன். அப்பா அடித்தாராம். நேற்றிரவு பையோடு வந்து நிற்கிறான், 'வீட்டில் சொல்லாதீங்க ஆன்ட்டி' என்று கெஞ்சுகிறான். எங்கள் மேல் வழக்கு வருமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சோறு போட்டதற்காக யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள், மறைத்து வைப்பதுதான் வம்பு. 18 வயதாகாதவரைப் பெற்றோர் சம்மதமின்றி அழைத்துச் சென்றாலோ, ஆசைகாட்டி வரவழைத்தாலோ அது பாரதிய நியாய சன்ஹிதா 137-ஆம் பிரிவின்படி ஆள்கடத்தல். ஏழாண்டு வரை சிறை. பிள்ளையே சம்மதித்தாலும் அது செல்லாது.

தானாக வந்தவன் கதை வேறு. மைனர் தானே வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து சேர்ந்துகொண்டால் அது 'அழைத்துச் சென்றது' ஆகாது என்று வரதராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது கல்லூரிக்குப் போகும், 18-ஐ நெருங்கிய பெண்ணின் வழக்கு. தவிர, அதைச் சொல்லித் தப்பிப்பதற்குள் எஃப்.ஐ.ஆர்., ஸ்டேஷன், வக்கீல் ஃபீஸ் எல்லாம் பார்த்துவிடுவீர்கள்.

அடி விழுந்தது உண்மையென்றால் அப்பாவுக்கு முதலில் போன் போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி ஓடிவந்த பிள்ளை பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். நீங்களே அழைத்துப் போகலாம். நேற்றிரவிலிருந்து கணக்கு ஓடுகிறது.