பெட்டிக்குள் வைத்ததை எடுப்பது யார்?
வீட்டுக் கணனி பற்றி ஒரு குடும்பப் பாடம்

இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அங்கே ஒரு பையின் கதை இருக்கும். பாய், சட்டி பானை, அரைச் சாக்கு அரிசி என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட வேளையில், அம்மாவோ அம்மம்மாவோ முதலில் எடுத்தது அந்தப் பையைத்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, ஒரு கலியாணப் படம் ஆகியவை அதற்குள் இருந்தன. பை வந்து சேர்ந்த குடும்பம் ஓரளவு தப்பியது. பை தவறிய குடும்பம், தான் யார் என்பதையே அலுவலகம் அலுவலகமாக ஏறி நிரூபிக்க வேண்டியிருந்தது.

இன்று அந்தப் பையின் வேலையைப் பல வீடுகளில் கணனியும் கையடக்கத் தொலைபேசியும் செய்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் அவற்றில் விருப்பமுள்ள ஒருவர் இருப்பார். அது அப்பாவாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். இரவில் எல்லோரும் படுத்த பிறகும் திரையின் முன் குந்தியிருப்பவர் அவர்தான். அவருடைய ஆசை குடும்பத்துக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் முதற் கணனி, 2002இல் ஏ9 பாதை திறந்த பின்னர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. ஒருவர் பாவித்துக் கழித்த பழைய கணனி அது. பாரமான திரைப் பெட்டியை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். எங்களில் ஒருவருக்கு அதில் தீராத ஆசை. யாரென்று மறைக்கத் தேவையில்லை, பிள்ளைகளின் அப்பாதான். வயலால் வந்து கைகால் கழுவியதும் அதன் முன்னே இருந்துவிடுவார். பின்னர் புதிய கணனியும் ஸ்கானரும் வந்தன. உறுதி, சான்றிதழ், படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றினார்.

"அப்பா, உந்தப் பெட்டிக்குள்ள அப்பிடி என்ன கிடக்கு?" என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள்.

"எங்கட வீடு முழுக்கக் கிடக்கு, பிள்ளை" என்றார்.

அது உண்மைதான். ஆனால் அந்த வீட்டின் திறப்பு ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

2012இல் ஊர்ப் பாடசாலையில் நடமாடும் சேவை நடந்தது. காணிப் பத்திரம், பிறப்புப் பதிவு ஆகியவற்றில் உள்ள குறைகளை அன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் கிழமை அப்பா டெங்குக் காய்ச்சலுடன் ஆஸ்பத்திரியில். உறுதி இலக்கம் வேண்டும், சின்னவளின் பிறப்புப் பதிவு இலக்கம் வேண்டும். கணனியைப் போட்டால் அது கடவுச்சொல் கேட்டது. பிள்ளைகளின் பெயர்களைப் போட்டுப் பார்த்தோம், பிறந்த ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டால், காய்ச்சல் மயக்கத்தில் அவர் சொன்னதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தும் சரிவரவில்லை.

கடைசியில் அம்மம்மா தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்துத் தந்தா. உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, பேரப்பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இலக்கங்கள் எல்லாம் அம்மப்பாவின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. பின்னேரம் மூன்று மணிக்கு முன் அலுவல் முடிந்தது.

அப்பா சுகமாகி வந்து இந்தக் கதையைக் கேட்டதும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. கணனியின் வன்தட்டு ஒரு காலையில் டக், டக் என்று சத்தமிட்டு நின்றுவிட்டது. ஐந்து வருடப் படங்கள் போயின. கடையில் கழுவி அல்பத்தில் ஒட்டி வைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. இவ்விரு அனுபவங்களிலிருந்தும் நாம் கற்றவற்றைக் கீழே தருகிறோம்.

1. ஒரு பிரதி போதாது

பழைய வன்தட்டுக்குள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தகடுகள் உண்டு. சுழலும் எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். பென்ட்ரைவில் சுழலும் பகுதி இல்லை. ஆனால் அதுவும் நிலையானதல்ல. வருடக்கணக்காகப் பாவிக்காமல் போட்டு வைத்தால் உள்ளிருப்பவை அழியக்கூடும்.

இதற்குப் பரிகாரம் புதியதல்ல. நமது காணி உறுதி எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். மூலப் பத்திரம் காணிக்காரரிடம் வருகிறது. ஒரு பிரதியை நொத்தாரிசு தம்மிடம் வைத்துக்கொள்கிறார். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. ஒரே பத்திரம், மூன்று இடம். வீடு எரிந்தாலும் உறுதியின் பிரதி வேறிடத்தில் இருக்கும்.

கணனிக்காரரும் இதையே சொல்கிறார்கள். பீற்றர் குறோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய முறைக்கு '3-2-1' என்று பெயர். முக்கியமான எதற்கும் 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். 1 பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணனியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சகோதரியிடம் ஒன்று என்று வைத்தால் முறை நிறைவேறிவிடும்.

ஒரே பிரதியின் ஆபத்தை நமது மண் நன்கு அறியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து எவரும் படிக்க வைத்துள்ளது. ஒரு சமூகம் தன் நூல்களுக்குச் செய்ததைக் குடும்பம் தன் பத்திரங்களுக்குச் செய்யலாம்.

2. பெயர் வைத்தால்தான் தேடலாம்

'புதிய கோப்புறை 7' என்றிருந்தால் வைத்தவருக்கே பிறகு விளங்காது. பொருள், ஆளின் பெயர், ஆண்டு என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். உதாரணமாக 'உறுதி – வீட்டுக் காணி – 1978', 'பிறப்பு – மூத்தவன் – 1999' என எழுதலாம். படங்களையும் ஆண்டு வாரியாக வைத்து, படத்தில் நிற்பவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். அம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். அவவுக்குப் பிறகு அந்த முகங்களைச் சொல்ல ஆளில்லை.

3. திறப்பு இருவரிடம் இருக்க வேண்டும்

வீட்டுக் கணனியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் தெளிவாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். சொல்லை மாற்றினால் தாளையும் மாற்றுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மட்டும் இதில் எழுத வேண்டாம்.

உறையுடன் ஒரு கொப்பியும் இருக்கட்டும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, பிறப்புப் பதிவு இலக்கங்கள், அனுமதிப்பத்திரக் காணியானால் அந்த இலக்கம் ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். இங்கே ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். கணனியிலுள்ள படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலப் பத்திரம் தொலைந்தபோது, அந்த இலக்கங்களைக் கொண்டு காணிப் பதிவகத்திலோ பதிவாளரிடமோ அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். இலக்கம் தெரியாதவர் வருடக்கணக்கான பதிவுகளைத் தேடுவிக்க வேண்டியிருக்கும்.

4. பழையதைப் புதியதற்கு மாற்றுதல்

முன்பு நாம் பாவித்த சிறிய பிளொப்பித் தட்டு 1.44 மெகாபைற் கொள்ளும். இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே அது போதாது. அந்தத் தட்டைப் படிக்கும் கருவியும் இப்போது அருமை. 32 கிகாபைற் பென்ட்ரைவில் அத்தகைய படங்கள் பத்தாயிரம் வரை வைக்கலாம். பழைய தட்டுகளும் சீடிக்களும் வீட்டில் இருந்தால், அவை படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். காரணம், கணனி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்தையே. பாமினி அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கேயுரிய இலக்கங்கள் உண்டு. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பாமினிக் கடிதங்களை யூனிகோட்டுக்கு மாற்றும் வசதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

5. மின்சாரமும் இடியும்

மேசைக் கணனியும் திரையும் சேர்ந்து 150 வாற் எடுத்தால், நாளுக்கு 4 மணித்தியாலத்தில் 0.6 அலகு. மாதத்துக்கு 18 அலகு. 40 வாற் எடுக்கும் மடிக்கணனிக்கு அதே நேரத்துக்கு மாதம் 5 அலகு அளவில் போதும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுவதால் இக்கணக்கைப் பார்த்தே வாங்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, பற்றரி உள்ள மடிக்கணனி வைத்திருந்தவர்களுக்கு ஓரளவு வேலை நடந்தது. சித்திரை மாத இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையிலும் மின் வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றி வையுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. இடி முழங்கத் தொடங்கிய பின் வயரைத் தொட வேண்டாம், வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

6. எல்லோர் கையும் படட்டும்

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணித்தியாலம் கணனி எல்லோருக்கும் பொது. வயல் கணக்கை மூத்தவன் தட்டுகிறான். உழவு, விதைநெல், பசளை, கூலி, வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். பற்றுச்சீட்டுகளைப் பார்த்து அம்மா வாசிக்கிறா. கூட்டுத்தொகையைக் கணனி போடுகிறது. இப்படிக் கணக்குத் தாளைத் தனியாள் கணனியின் திரைக்குக் கொண்டுவந்த முதல் மென்பொருள் 1979இல் அப்பிள் கணனிக்கு வந்த 'விசிகல்க்'. இன்று 'லிப்ரே ஒபிஸ்' போன்ற இலவச மென்பொருள்களில் அதே வேலையைச் செய்யலாம். முதல் தடவை காலபோகத்தையும் சிறுபோகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, குத்தகைக்கு எடுத்த துண்டில் நாம் உழைத்தது கூலிக்கும் காணாது என்று தெரிந்தது. அதை முதலில் கண்டு சொன்னவ அம்மா.

கணனி தெரிந்த பெற்றோருக்கு இங்கே ஒரு பொறுமை வேண்டும். மற்றவர் மெதுவாகத் தட்டும்போது "தள்ளு, நான் செய்யிறன்" என்று கையைப் பிடுங்கினால் அவர் பிறகு அந்தப் பக்கம் வரமாட்டார். பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். தான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் வீட்டு அலுவல் நடக்க வேண்டும் என்பதே அவருடைய வித்தையின் பலன்.

கணனி இல்லாத வீடுகளுக்கு

கணனி இல்லையென்று பின்வாங்க வேண்டாம். கைத்தொலைபேசியால் பகல் வெளிச்சத்தில், பத்திரத்தைத் தட்டையாக வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி படம் எடுக்கலாம். தொடர்பு நிலையத்தில் ஸ்கான் செய்வித்தால், உங்கள் பென்ட்ரைவில் ஏற்றிய பின் அவர்களுடைய கணனியிலிருந்து அழிக்கச் சொல்லி, அழிப்பதை நின்று பாருங்கள். அடையாள அட்டையின் படத்தை அறியாதவர் கேட்டால் அனுப்ப வேண்டாம்.

இக்கிழமை செய்து பார்ப்போம்

அ. வீட்டிலுள்ள பத்திரங்களைப் பாயில் பரப்பி ஒரு பட்டியல் எழுதுங்கள்.
ஆ. இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.
இ. ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பெயரிட்டு, ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினருக்குக் கொடுங்கள்.
ஈ. கணனியை அதிகம் தெரியாத ஒருவரை இருத்தி, ஒரு பத்திரத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர் எடுத்துவிட்டால் உங்கள் ஒழுங்கு சரி.

கலந்துரையாடலுக்கு

1. நீங்கள் இடம்பெயர்ந்தபோது பையில் வந்தவை எவை? தவறியவை எவை? அவற்றுள் எவற்றுக்கு இன்னும் பிரதி பெறவில்லை?
2. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விடயங்கள் எவை? அவற்றை யாருக்குச் சொல்லி வைக்கப் போகிறீர்கள்?
3. கிராமத்தில் கணனி தெரிந்த ஓரிருவர், மற்றக் குடும்பங்களின் பத்திரங்களைப் பாதுகாக்க எவ்வாறு உதவலாம்?

அம்மம்மாவின் கொப்பியை நாங்கள் ஸ்கான் செய்து மூன்று இடத்தில் வைத்துவிட்டோம். கொப்பி இன்னும் அவவின் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. புதிய இலக்கம் ஏதும் வந்தால் சின்னவள் அதில் தன் கையெழுத்தில் எழுதிவிட்டுத்தான் கணனியைப் போடுகிறாள்.