கையெழுத்துக்கு முந்தைய நேரம்

அன்புள்ள வாசகருக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது எழுந்த சந்தேகம் என்று எழுதியிருந்தீர்கள். நாட்டின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் இருப்பதாக அரசமைப்பின் 53-வது பிரிவு சொல்கிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்கிறது 74-வது பிரிவு. முப்படைகளுக்கும் தலைவர் அவர். பிரதமரை நியமிப்பதும் அவர். ஆனால் தாமாக எதையும் செய்துவிட முடியாது. அப்படியானால் அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானே என்று கேட்கிறீர்கள். இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவர் கையில் உண்மையில் இருக்கும் அதிகாரம் பெரும்பாலும் நேரம்தான். கோப்பு மேசைக்கு வருவதற்கும் கையெழுத்து விழுவதற்கும் இடையில் உள்ள நேரம். அந்த நேரத்தில் அவர் விளக்கம் கேட்கலாம், ஒரு முறை திருப்பி அனுப்பலாம், சும்மாவும் வைத்திருக்கலாம். அதை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

1975 ஜூன் 25 இரவு, நெருக்கடிநிலைப் பிரகடனம் அப்போதைய குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதின் கையெழுத்துக்குப் போனது. அமைச்சரவை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் அன்றிரவே கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அமைச்சர்களைக் கூட்டி, நடந்து முடிந்த காரியத்துக்குச் சம்மதம் வாங்கினார்கள். 'அமைச்சரவை கூடிவிட்டு வரட்டும்' என்று குடியரசுத் தலைவர் சொல்லியிருந்தால் பிரகடனமே வந்திருக்காது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அந்த ஆண்டு டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்த கார்ட்டூனைத் தேடிப் பாருங்கள். குளியல் தொட்டியில் கிடந்தபடியே கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி, கையெழுத்திட்ட அவசரச் சட்டத்தைத் தருகிறார் குடியரசுத் தலைவர். தணிக்கை அமலில் இருந்த காலத்தில் அது அச்சாகியது.

ஆலோசனைக்குக் கட்டுப்பட்டே தீர வேண்டும் என்று 1976-இல் 42-வது திருத்தம் எழுதிவைத்தது. ஜனதா ஆட்சியில், 1978-இல் வந்த 44-வது திருத்தம் அந்த இரவைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடிநிலை இல்லை என்றது. எந்த ஆலோசனையையும் மறுபரிசீலனைக்காக ஒரு முறை திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னது. மறுபடியும் வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

அந்த ஒரு முறையின் பலத்தைக் காட்டியவர் கே.ஆர்.நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்க குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. அடுத்த ஆண்டு பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொன்னது வாஜ்பாய் அரசு. அதுவும் திரும்பிப் போயிற்று. கேட்டது எந்தக் கட்சி, கலையப்போவது எந்தக் கட்சி என்று அவர் பார்க்கவில்லை. இந்தப் பதவியில் இருந்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் அவர்தான். மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356-வது பிரிவின் சூட்டை 1976, 1980, 1988, 1991 என்று நான்கு தடவை அனுபவித்த தமிழ்நாட்டில் அவரை இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும்.

1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே கலைப்பு ஆணை வெளிவந்தது. அதில் கையெழுத்திட்டவர் தஞ்சைச் சீமையின் ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். ஆளுநரே மறுத்த ஒன்றை அவர் ஒரு முறை திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதே வெங்கட்ராமன்தான், நீங்களும் நானும் எழுதிக்கொள்ளும் கடிதங்களைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சலகத் திருத்த மசோதா, தபாலை இடைமறிக்க அரசுக்கு விரிவான அதிகாரம் கொடுத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பதவிக்காலம் முடியும்வரை அப்படியே வைத்திருந்தார். முடிவெடுக்க 111-வது பிரிவில் நாள் கெடு இல்லை. பின்னால் வந்த வெங்கட்ராமன் 1990-இல் அதை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். 2002-இல் அரசே திரும்பப் பெற்றது. 2023 அஞ்சலகச் சட்டத்தில் இடைமறிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்க அதிக நாள் ஆகவில்லை.

கையெழுத்துக்கு முந்தைய இதே நேரம், ஆளைக் கொல்லாமல் கொல்லவும் செய்யும். தூக்குத் தண்டனை பெற்ற முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்கள் 2000-இல் டெல்லிக்குப் போயின. நிராகரிப்பு வந்தது 2011-இல். தூக்குக் கயிற்றை எதிர்பார்த்தே பதினோரு ஆண்டுகள். அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனுவிலும் குடியரசுத் தலைவர் உள்துறையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார். ஆனாலும் கோப்பை வரவழைத்து முடிக்கச் சொல்ல அவரால் முடியும். அவர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

மாநில மசோதாக்கள் விஷயம் இதைவிட மோசம். நாடாளுமன்றம் ஒரு மசோதாவை மறுபடி நிறைவேற்றினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். 201-வது பிரிவின்கீழ் அவருடைய பரிசீலனைக்குப் போன மாநில மசோதாவைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினாலும் அந்தக் கட்டாயம் இல்லை. நீட் விலக்கு மசோதாவை நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. டெல்லி சென்ற அந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில்தான் அறிவிப்பு வந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒவ்வொருவரின் ஓட்டுக்கும் 176 மதிப்பு. அந்த 234 பேர் கொண்ட மன்றத்துக்கு ஒரு பதில் சொல்ல மூன்று ஆண்டுகளா?

2025 ஏப்ரலில், தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொன்னார்கள். குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பதினான்கு கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அரசமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொல்லிவிட்டது. மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் நான்கு மாதம் போதும் என்று 1980-களிலேயே சொல்லியிருந்தது. ஆகவே இனி செய்ய வேண்டியது நாடாளுமன்றம்தான். 201-வது பிரிவைத் திருத்தி நான்கு மாதம் என்று எழுத வேண்டும். மறுப்பதானால் காரணத்தைச் சட்டமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும். கருணை மனுவுக்கும் ஒரு கெடு வேண்டும். இதற்காக ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டுவரச் சொல்லி என் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்